மழைக்கு முன் எடுக்கும் முடிவு

மந்த காலத்தில் கான்ட்ராக்ட் வேலையை விட்டு நிரந்தர வேலைக்குப் போகலாமா? மரக்காணம் உப்பளத்திலிருந்து ஆரோவில் செம்மண் மேடு வரை, ஒரு கேள்வியும் அதற்கான கணக்கும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வருபவர்கள் மரக்காணத்தை நெருங்கியதும் வண்டியின் வேகத்தைத் தாமாகவே குறைப்பார்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர்நீர், வரப்பில் வரிசையாக வெள்ளைக் குவியல்கள், குனிந்து உப்பு வாரும் மனிதர்கள் என்று அந்தக் காட்சி நிறுத்திப் பார்க்க வைக்கும். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் இந்த உப்பளங்கள் நேற்று வந்தவை அல்ல. மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இவ்வூர் உப்பளங்கள் பேசப்படுகின்றன.

இங்கே வேலைக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. தை பிறந்ததும் பாத்தியைச் செப்பனிடுவார்கள். மாசி, பங்குனியில் உப்பு விளையத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் விளைச்சல் உச்சத்துக்குப் போகும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம். மறுபடி தை வரும்வரை வருமானம் இல்லை. உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்குத் தன் வேலை எந்த மாதம் நிற்கும் என்பது சேருகிற நாளிலேயே தெரியும்.

அங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஆரோவில் இருக்கிறது. அதைச் சுற்றிக் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை, பொம்மையார்பாளையம், இரும்பை என்று கிராமங்கள். கொத்தனார், சித்தாள், எலெக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், தோட்டக்காரர், வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரி ஆகியோர் இந்த ஊர்களில் வாழ்கிறார்கள். வீட்டிலிருந்தபடி வெளியூர் நிறுவனங்களுக்கு வடிவமைப்பும் மென்பொருளும் செய்து தரும் இளைஞர்களும் இருக்கிறார்கள். திண்டிவனம் வழியாக வடக்கே செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்சாலைகளுக்குக் கான்ட்ராக்டில் போகிறவர்களின் குடும்பங்களும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. இவர்களுடைய வேலை எந்த மாதம் நிற்கும் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்வதில்லை.

அதனால்தான் மந்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் இந்த வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: பேசாமல் ஒரு பெர்மனென்ட் வேலையில் போய் உட்கார்ந்துவிடலாமா?

அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை இல்லாத மாதத்தை யார் தாங்குகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பொறுப்பை ஏற்கும் வேலைதான் நிரந்தர வேலை. வேலை உத்தரவில் அச்சடித்திருக்கும் பெயர் இரண்டாம்பட்சம்.

செம்மண் மேட்டின் வேலைகள்

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவக் கலசத்தில் இட்டுத் தொடங்கப்பட்ட ஊர் ஆரோவில். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னையின் கனவுக்குப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் வடிவம் கொடுத்தார். 50,000 பேர் வாழத் திட்டமிட்ட நகரத்தில் இன்று வசிப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். 1988ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் இது மத்திய அரசின் கல்வித் துறையோடு இணைந்து இயங்குகிறது.

இந்த ஊரின் உள்ளே வேலைக்கும் பணத்துக்கும் உள்ள உறவையே மாற்றிப் பார்க்க நினைத்தார்கள். ஊருக்காக உழைக்கும் ஆரோவில்வாசிக்குக் கிடைப்பது பராமரிப்புத் தொகை. அதைச் சம்பளம் என்று சொல்வதில்லை. நிலமும் வீடும் தனிச்சொத்து ஆவதில்லை. ஆனால் ஊரைக் கட்டி எழுப்பிய கைகளில் பெரும்பகுதி சுற்றுவட்டக் கிராமத்துக் கைகள். அவர்கள் வாழ்வது வெளியில் எல்லோரும் வாழும் அதே சந்தைப் பொருளாதாரத்தில்தான். அவர்களுக்கு வேலை என்றால் சனிக்கிழமைக் கூலி, பள்ளிக்கூடக் கட்டணம், மாதச் சீட்டு.

ஆரோவிலின் நடுவில் எழுந்த தியான மண்டபமான மாத்ரிமந்திரின் அடிக்கல் 1971 பிப்ரவரி 21 அன்று நாட்டப்பட்டது. பணி நிறைவுற்றது 2008இல். ஒரே கட்டடம் 37 ஆண்டுகள்! அந்த வேலையின் நிழலிலும், அதைச் சுற்றி எழுந்த வீடுகள், பள்ளிகள், விருந்தினர் விடுதிகள், ஊதுபத்தி, தோல்பொருள், ஆடைக் கூடங்கள் ஆகியவற்றின் நிழலிலும் இந்தக் கிராமங்களில் ஒரு தலைமுறை தொழில் கற்றது. 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமானக் கழகம், சுடாத மண்ணோடு சிறிது சிமென்ட் சேர்த்து அழுத்தி எடுக்கும் கட்டியால் வளைவும் குவிமாடமும் எழுப்பக் கற்றுக்கொடுத்தது. ஏர் பிடித்த குடும்பங்களிலிருந்து இன்று வெளிமாநிலங்களுக்கும் அழைக்கப்படும் கொத்தனார்கள் வந்திருக்கிறார்கள்.

கையில் தொழில் வந்ததும் கொத்தனார் மேஸ்திரி ஆனார். மேஸ்திரி, சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் ரேட் பேசி வேலை எடுத்தார். யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லாத அந்த நிமிர்வு சாதாரணமாகக் கிடைத்ததல்ல. தாத்தா இன்னொருவர் நிலத்தில் கூலிக்கு நின்ற வீட்டில், பேரன் பத்துப் பேருக்குக் கூலி கொடுக்கிறான். அவனைப் பார்த்து வேலைக்குப் போய்விடு என்று சொல்வது எளிது. அவன் விட்டுக்கொடுப்பது என்ன என்பதை உணர்ந்த பிறகே அதைச் சொல்ல வேண்டும்.

2020 காட்டியது

2020 மார்ச் 24 இரவு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மாத்ரிமந்திரின் கதவு பார்வையாளருக்கு மூடப்பட்டது. விருந்தினர் விடுதிகள் காலியாயின. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரக் கடைசி நெரிசல் மறைந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ கால்பங்கு சுருங்கியது. சுதந்திர இந்தியா அதுவரை அப்படி ஒரு காலாண்டைப் பதிவு செய்ததில்லை.

அப்போது இருவகை மனிதர்களுக்கு இடையே ஒரு கோடு விழுந்தது. மாதச் சம்பளக்காரர் பலருக்குப் பாதிச் சம்பளமாவது வந்தது; வேலை போனவர்கள் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்துச் சில மாதம் தள்ளினார்கள். மேஸ்திரிக்கு வரவேண்டிய பில் நின்றது. ஆனால் அவரை நம்பி இருந்த பத்துப் பேரின் பசி நிற்கவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்து புதுப்பித்து வைத்திருந்தவர்களுக்கு மாநில அரசு தலா 1,000 ரூபாய் கொடுத்தது. பதிவே இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.

என் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அப்போது நான் ஒரு நிறுவனத்துக்கு மாதம் இத்தனை கட்டுரை என்ற கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுப் பழக்கம். 'இந்த மாதத்திலிருந்து வேண்டாம்' என்று ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. முந்தைய இரண்டு மாதத்துக்கு வரவேண்டிய பணம் வந்து சேர ஏழு மாதமானது. அவர்கள்மீது வழக்குப் போட எனக்கு ஒரு தாளும் இல்லை. நான் அவர்களிடம் கேட்டு வாங்கியதும் இல்லை. நல்ல காலத்தில் அந்தத் தாளைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். அது என் தவறு.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த கதையும் அல்ல. 2008இன் உலக நிதி நெருக்கடியில் ஜப்பானின் ஏற்றுமதி ஆலைகள் முதலில் கழற்றிவிட்டது ஏஜென்சி வழியாக வந்த தற்காலிகத் தொழிலாளரை. கம்பெனி விடுதியில் தங்கியிருந்தவர்கள் வேலையோடு கூரையையும் இழந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தொழிற்சங்கங்களும் தன்னார்வலர்களும் கூடாரம் போட்டுச் சோறு போட்டார்கள். சுமார் 500 பேர் அங்கே புத்தாண்டைக் கழித்தார்கள். ஆயுள் முழுதும் ஒரே கம்பெனி என்று பெயர் வாங்கிய நாட்டில் அப்படி ஒரு கூடாரம் தேவைப்பட்டது அந்த நாட்டையே உலுக்கியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நிரந்தர வேலையா, கான்ட்ராக்டா என்ற பேச்சு வீட்டில் வந்தால், நாம் ஒப்பிடுவது கைக்கு வரும் தொகையைத்தான். 'அங்கே மாதம் பதினாறாயிரம்தான் தருவான். நான் நாளைக்கு ஆயிரத்து இருநூறு பார்க்கிறேன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒப்பீடு அரைகுறையானது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் எலெக்ட்ரீஷியன். நாள் வருமானம் 1,200 ரூபாய். நல்ல ஆண்டில் ஒன்பது மாதம் மாதத்துக்கு 20 நாள் வேலை. மழை மாதங்கள் மூன்றிலும் பத்துப் பத்து நாள். ஆண்டு வரவு 2,52,000 ரூபாய். பெட்ரோல், போன், கருவித் தேய்மானம் மாதம் 2,000 என்று கழித்தால் மிஞ்சுவது 2,28,000.

அவருக்கு ஒரு நிறுவனம் பராமரிப்புப் பணியில் மாதம் 16,000 ரூபாய் தர முன்வருகிறது. முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,92,000. பார்த்தால் 36,000 ரூபாய் நட்டம் போலத் தெரியும். இப்போது கண்ணில் படாதவற்றைச் சேருங்கள். 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, ஆண்டுக்கு 21,600. இ.எஸ்.ஐ.க்கு நிறுவனம் கட்டும் 3.25 சதவீதம், 6,240. ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை, சுமார் 9,230. சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் சுமார் 7,000. மொத்தம் 2,36,000 ரூபாயைத் தாண்டுகிறது. நல்ல ஆண்டிலேயே இரண்டும் ஏறக்குறைய சமம்.

மந்த ஆண்டு வந்தால்? மாதம் 20 நாள் வேலை 12ஆகக் குறைகிறது. மழை மாதங்களில் ஆறு நாள். வரவு 1,51,200. வேலை தேடி அலைவதில் பெட்ரோல் செலவு குறையாது. அதைக் கழித்தால் 1,27,200. நிரந்தர வேலை நிலைத்திருக்குமானால் அங்கே அந்த ஆண்டும் 2,36,000தான். ஒரே மந்த ஆண்டில் வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல்.

இதற்கும் மேல், காசில் எளிதாக எழுத முடியாத ஒன்று இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர் தன் பங்காக 0.75 சதவீதம் கட்டினால் அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம், நோய்க்கால ஊதியம், வேலையில் விபத்து நேர்ந்தால் ஈட்டுத்தொகை கிடைக்கும். அதன்கீழ் வேலையிழந்தோருக்கென்று 2018இல் வந்த அடல் திட்டத்தின் உதவி, 2020இல் சராசரிக் கூலியின் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக, 90 நாள்வரை என்று உயர்த்தப்பட்டது. கம்பத்திலிருந்து விழுந்து கால் முறிந்த எலெக்ட்ரீஷியனின் வீட்டில் இதன் மதிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

மறுபக்கமும் கணக்கில் வர வேண்டும். நாள் வருமானம் 1,200 என்பது இன்றைய நிலை. மேஸ்திரியாக வளர்ந்து மூன்று சைட்டை ஒரே நேரத்தில் பார்க்கும் திறமைசாலிக்கு இந்த எண்கள் பொருந்தாது. நிரந்தர வேலை அவருடைய ஏணியை எடுத்துவிடும். ஆகவே உங்கள் எண்களை நீங்களே போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் மிக மோசமான ஆண்டில் உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள்.

நிரந்தரமும் மூடப்படும்

இனி எதிர்வாதம். பெர்மனென்ட் என்றால் ஓய்வுபெறும்வரை என்று நம்பிய தலைமுறை நம்முடையது. அந்த நம்பிக்கையை உடைத்த இரண்டு பெயர்கள் இந்த வட்டாரத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் அங்கே சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். கிராமத்துப் பெண்கள் கம்பெனி பேருந்தில் சீருடையோடு போய் வந்த காட்சி வட தமிழகத்தின் அடையாளமாகவே இருந்தது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. எட்டே ஆண்டுகள்.

மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது; 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. சங்கம் மாதக்கணக்கில் பேசி, போராடி, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கணக்கிட்டு ஈட்டுத்தொகை பெற்றது. அந்தப் பேச்சு நிரந்தரத் தொழிலாளருக்காக நடந்த பேச்சு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நிரந்தர வேலை என்பது ஆலை மூடாது என்ற உத்தரவாதம் அல்ல. ஆலை மூடும்போது உங்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கிறது. கான்ட்ராக்டில் இருப்பவருக்கு அந்த மேசையில் இடமில்லை. நாளை வர வேண்டாம் என்ற ஒரு சொல்லே போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் சாரம் இதுதான். அதைப் பெரிதாக நினைப்பதிலும் ஆபத்து உண்டு. சிறிதாக நினைப்பதிலும் ஆபத்து உண்டு.

நாடு முழுக்க நிரந்தர வேலையே சுருங்கிவருகிறது. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2017-18இல் உழைப்பவரில் 52 சதவீதமாக இருந்த சுயதொழிலாளர், 2023-24இல் 58 சதவீதத்தைத் தாண்டினார்கள். முறையான மாதச் சம்பளத்தில் இருப்பவர் சுமார் 22 சதவீதம்தான். பதிவுபெற்ற ஆலைகளிலேயே தொழிலாளரில் 40 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். ஆகவே நிரந்தர வேலை ஒன்று உண்மையாகவே கையில் வந்து விழுந்தால், பத்தில் இருவருக்கு மட்டும் கிடைப்பது அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

480 நாள் என்ற எண்

ஒரே ஆலையில் ஆண்டுக்கணக்கில் கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிச் சட்டமே உண்டு. தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அதே சட்டம் கட்டடம், பாலம், சாலை முதலிய கட்டுமானப் பணியாளரை வெளியே நிறுத்துகிறது. ஆரோவில் வட்டாரத்தின் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்தக் கதவு திறக்காது.

கதவு திறந்த இடங்களிலும் உள்ளே போக ஒரு தலைமுறை பிடித்தது. மின்வாரியத்தில் கம்பம் நட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பணி நிரந்தரம் பெற நீதிபதி காலித் ஆணையம் தேவைப்பட்டது. ஆரோவிலுக்குத் தென்மேற்கே நெய்வேலியில், 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2014இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023இலும் அதே கோரிக்கையோடு சாலைக்கு வந்தார்கள். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அவர்களின் பிள்ளைகள் பள்ளி முடித்துவிட்டார்கள்.

நீதிமன்றங்களின் போக்கும் ஏறி இறங்கியிருக்கிறது. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலே தொழிலாளி தானாக நிரந்தரமாவதில்லை என்று 2001இல் உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுப் பணியில் முறைப்படித் தேர்வாகாதவரை நிரந்தரமாக்கக் கூடாது என்று 2006இல் உமாதேவி வழக்கில் சொன்னது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் உரியது என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையைப் பல்லாண்டு தற்காலிகம் என்ற பெயரில் வாங்கிக்கொண்டு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் கண்டித்தது.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும் அம்சங்கள் மூன்று. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்படுபவருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை. இவை இரண்டும் நல்லவை. மூன்றாவது, ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தப்பட்டிருக்கிறது. சிறிய கான்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர் இதனால் பாதுகாப்பு வட்டத்துக்கு வெளியே தள்ளப்படுகிறார். இதை நான் பின்னடைவாகவே பார்க்கிறேன்.

யார் போகலாம், யார் இருக்கலாம்

இத்தனையும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது.

வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர் மட்டும், தொடர்ந்து மருந்து தேவைப்படும் பெரியவர் அல்லது கைக்குழந்தை இருக்கிறது, கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குக் குறைவு. இந்த நிலையில் இருப்பவர், முறையான பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள வேலை கிடைத்தால் போய்விட வேண்டும். கைக்கு வரும் தொகை சற்றுக் குறைந்தாலும் போக வேண்டும். இதில் தோல்வி ஏதும் இல்லை. கரையில் படகை ஏற்றிக் கட்டும் மீனவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

ஆறு மாதச் செலவு கையில் இருக்கிறது, இரண்டு மூன்று இடத்திலிருந்து வேலை வருகிறது, எவரும் பாக்கி வைக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர் அவசரப்பட வேண்டாம். மந்தத்தில் பெரிய கான்ட்ராக்டர்கள் விலகும்போது சிறிய, நம்பகமான ஆளைத் தேடி வேலை வருவதும் உண்டு. ஆனால் அந்த வருமானம் முழுவதும் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதென்றால், நீங்கள் ஏற்கெனவே ஒருவரிடம்தான் வேலை பார்க்கிறீர்கள். வேலைக்காரருக்கு உரிய பாதுகாப்பு மட்டும் உங்களுக்கு இல்லை.

பெண்கள் இதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். முறையான வேலையில் சட்டப்படி 26 வாரச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. கான்ட்ராக்டில் மென்பொருளோ வடிவமைப்போ செய்யும் பெண்ணுக்கு அந்த ஆறு மாதமும் வருமானம் இல்லை. திரும்பி வரும்போது வாடிக்கையாளரும் இருக்க மாட்டார். வாய்ப்பு இருந்தால் திருமணத்தை ஒட்டிய ஆண்டுகளில் நிரந்தர வேலையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

ஒன்றை மட்டும் எல்லோரும் தவிர்க்க வேண்டும். பயத்தில், கிடைத்த முதல் நாற்காலியில் உட்காருவது. பெயரில் நிரந்தரம், உள்ளே ஏஜென்சி ரோல் என்ற வேலைகள் மந்த காலத்தில்தான் அதிகம் விற்கப்படுகின்றன.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

1. நியமனக் கடிதம் யார் பெயரில் வருகிறது? நிறுவனத்தின் பெயரிலா, ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயரிலா?

2. பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. அட்டையும் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும்? முதல் மாதத் தொகை கட்டப்பட்டதா என்று போனிலேயே பார்க்கலாம், பாருங்கள்.

3. சொன்ன சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு? பணிக்கொடையும் பி.எஃப். தொகையும் இதை ஒட்டியே வளரும்.

4. தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? முடிந்ததும் உறுதிசெய்யும் கடிதம் எழுத்தில் வருமா?

5. நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? அது இரு தரப்புக்கும் ஒன்றா?

6. வேலைநேரத்துக்குப் பிறகு உங்கள் சொந்த வேலையை எடுக்கலாமா? கடிதத்தில் தடை இருந்தால் இப்போதே பேசுங்கள்.

7. கடந்த மந்தத்தில், அதாவது 2020இல், இந்த நிறுவனம் தன் ஆட்களை எப்படி நடத்தியது? இதைக் கடிதத்தில் காண முடியாது. அங்கே வேலை பார்ப்பவரிடம் தேநீர்க் கடையில் கேட்க வேண்டும்.

கான்ட்ராக்டிலேயே தொடர்பவர்களுக்கும் சில வேலைகள் காத்திருக்கின்றன. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவைப் புதுப்பியுங்கள். 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் பெயரைச் சேருங்கள். வேலை தொடங்குமுன் இரண்டு பத்தியாவது எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள். நல்ல மாதத்தில் வரும் தொகையில் ஒரு பங்கைத் தொடாத கணக்கில் போடுங்கள். மேஸ்திரிகள் இன்னொன்றும் செய்ய வேண்டும். உங்களிடம் இருக்கும் சித்தாளின் நலவாரிய அட்டை உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்கு மேலே இருப்பவரிடம் நீங்கள் எதிர்பார்க்கும் நியாயம் உங்களுக்குக் கீழே இருப்பவருக்கும் உரியது.

உப்பளத்துக்குக் கிடைத்தது மற்றவர்க்கும்

கட்டுரையைத் தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலிலும் இந்தக் கரை அடி வாங்கியிருக்கிறது. மழை வரும் என்று தெரிந்த தொழிலிலும் இத்தனை மழை வரும் என்று தெரிவதில்லை.

ஆனால் அந்த மழை மாதங்களுக்கு ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, உப்பு உற்பத்தி நடக்காத அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் போதாது. அது ஒரு குடும்பத்தின் அரிசிக்கும் மளிகைக்குமே பற்றாக்குறையாகத்தான் இருக்கும். என்றாலும் அதன் அடியில் இருக்கும் கொள்கை பெரியது. வேலை இல்லாத மாதம் தொழிலாளியின் குற்றம் இல்லை, தொழிலின் தன்மை. அதன் சுமையை அவர் மட்டும் தாங்கக் கூடாது என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்திலும் இதே கொள்கைதான்.

பொருளாதார மந்தமும் ஒரு மழைக்காலம்தான். தேதி சொல்லாமல் வருகிறது என்பது மட்டுமே வித்தியாசம். கொத்தனாருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் ஏஜென்சித் தொழிலாளிக்கும் அதே கொள்கையை நீட்டுவதில் என்ன தடை? கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கென்று 1996ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தீர்வை ஏற்கெனவே வசூலாகிறது. 2023இல் செயலி வழி வேலை பார்ப்பவர்களுக்கும் தமிழ்நாடு தனி நலவாரியம் அமைத்தது. பணம் வரும் வழியும் வாரியமும் இருக்கும்போது, வேலை வறண்ட காலத்துக்கு ஒரு நிவாரணத்தை விதியில் எழுதுவது முடியாத காரியமல்ல. சட்டமன்றத்தில் இந்தக் கோரிக்கை எழ வேண்டும். நிறுவனங்களும், முக்கியமாகச் சுற்றுவட்டக் கிராமங்களின் உழைப்பில் எழுந்த நிறுவனங்கள், ஆண்டுக்கணக்கில் தம்மிடம் வந்துபோகும் கைகளில் எத்தனை பேருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த நாள் வரும்வரை முடிவு உங்கள் கையில். மரக்காணத்தில் மழை தொடங்கிய பிறகு யாரும் உப்பு வாருவதில்லை. வாரிக் குவித்து, கீற்றால் மூடி வைப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். உங்கள் கணக்கையும் வேலை இருக்கும் இந்த மாதத்திலேயே போடுங்கள். வேலை போன பிறகு போடும் கணக்கில், எதிரே இருப்பவர் சொல்வதுதான் விலை.